கடலைப் பரம்படித்த செங்கோடன்

கொல்லிமலைமேல் சோளக்காட்டுச் சந்தையில் அந்த வாரம் மிளகு மலிந்திருந்தது. வதந்தி அதைவிட மலிந்திருந்தது. தேவனூர் நாட்டுச் செங்கோடன் கடலுக்குப் போய், கடல் மேல் நடந்துவிட்டுத் திரும்பியிருக்கிறான் என்று சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூடக் கடலைப் பார்த்ததில்லை. ஆகையால் எல்லோரும் மிகவும் உறுதியாகச் சொன்னார்கள்.

தேன் விற்க வந்தவள், அவன் நாற்பது நாள் இறங்காமல் நடந்தான் என்றாள். பலாப்பழக்காரன் அதை மறுத்தான். நடக்கவில்லையாம், கடலே அவனைத் தோளில் வைத்துக் கொண்டுவந்து கரையில் இறக்கியதாம். கூடை முடைகிறவர் ஒருவர் மட்டும், "நடந்தது கிடந்தது எனக்குத் தெரியாதுங்க. கடலைக் குடிச்சுப் பாத்தான், புடிக்காம துப்பிப்புட்டான்" என்றார். பின்னால் விசாரித்ததில், அன்று சந்தையில் உலவிய செய்திகளில் இது ஒன்றுதான் முழு உண்மை.

விசாரிக்க வேண்டி வந்ததற்குக் காரணம் செங்கோடனின் பழைய புகழ். ஆள் வரப்பில் நடந்தாலே ஒரு பக்கமாகச் சாய்கிறவன். சொந்த வீட்டு வாசற்படியில் தடுக்கி விழுந்து, படியைத் திட்டியவன். வரப்பில் நடக்க முடியாதவன் கடலில் நடந்தான் என்றால், ஒன்று கடலில் கோளாறு, இல்லை செய்தியில் கோளாறு. அடிவாரத்து வண்டிக்காரர் மருதாசலத்தைக் கேட்டு, செங்கோடனின் மனைவி கண்ணாயியைக் கேட்டு, கடைசியில் செங்கோடனையே கேட்டு, மூன்று பேர் சொன்னதையும் ஒரே முறத்தில் போட்டுப் புடைத்தால் மிஞ்சுவது இது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம். செங்கோடனுக்கு முப்பத்தெட்டு வயது. மேட்டில் சாமைக் காடு, பள்ளத்தில் துண்டு துண்டாய்க் கொஞ்சம் நெல் வயல், நாலு பலா மரம், அதில் ஏறிப் படர்ந்த மிளகு. குறை ஒன்றும் இல்லை. பரம்பரையாக வந்த ஒரு பெருமை இருந்தது. தொல்லை அதில்தான்.

அவன் ஊரில் சாமிக்கென்று ஒரு வயல் உண்டு. ஆடியில் அந்த வயலில் நாற்று இறங்கிய பிறகுதான் மற்றவர்கள் நட வேண்டும். நடுவதற்கு முன் வயலைப் பரம்படித்தாக வேண்டும். அதாவது, உழுது சேறாக்கிய வயலில் ஆள் நீளப் பலகை ஒன்றை இரண்டு மாடுகளுக்குப் பின்னால் கட்டி, அதன்மேல் ஒருவன் ஏறி நின்று ஓட்டுவான். பலகை போன வழியெல்லாம் சேறு மட்டமாகும். சாமி வயலின் முதல் பரம்புக் கயிறு செங்கோடன் வீட்டுக்கு உரியது. அவன் அப்பன் நின்றிருக்கிறான், பாட்டன் நின்றிருக்கிறான். ஒருவனும் விழுந்ததில்லை.

விழுந்தால் என்ன செய்வது என்று ஊரில் யோசித்து வைத்திருந்தார்கள். முதல் வருஷம் விழுந்தால் மாட்டின் குற்றம். அடுத்த வருஷமும் விழுந்தால் வயலின் குற்றம். மூன்றாம் வருஷமும் விழுந்தால் ஆளின் குற்றம். கயிறு அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

செங்கோடன் மாட்டின் குற்றத்தையும் வயலின் குற்றத்தையும் செலவழித்து முடித்திருந்தான். வருகிற ஆடிக்கு அவனிடம் மிச்சம் இருந்தது அவன்தான்.

அடுத்த வீடு என்பது அண்ணாமலையின் வீடு. அண்ணாமலை கண்ணாயிக்கு உடன்பிறந்த அண்ணன். கயிறு தன் கைக்கு வரப்போகிறது என்று தெரிந்ததும் அவர் நடையே மாறிவிட்டது. சேந்தமங்கலம் போய் ஒரு குடை வாங்கிவந்து, மழையில்லாத நாளிலும் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

"எங்கண்ணன் ஓட்டினா வயலாச்சும் மட்டமா இருக்கும்" என்றாள் கண்ணாயி, சாமைக் களி கிண்டிக்கொண்டே. "நீங்க ஓட்டினா உழுந்த எடத்துல ஒரு குட்டை, எந்திரிச்ச எடத்துல ஒரு குட்டை. அதுல நாத்து நடறதா, மீன் வளக்கறதா?"

"மீன் வளத்தா உனக்குத்தானடி கொழம்பு."

"கொழம்பு இருக்கட்டுங்க. எங்கண்ணன் அந்தக் கொடையப் புடிச்சுக்கிட்டு எம் முன்னாடி நடக்கறதப் பாக்கச் சகிக்கல. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, உழுகாம நின்னு காட்டுங்க."

அவள் பிறந்த வீட்டின் பக்கமா, புகுந்த வீட்டின் பக்கமா என்பது இரண்டாம் வாக்கியத்தில்தான் தெரியும். கண்ணாயியின் பேச்சே அப்படி.

நிற்கப் பழகலாம் என்றால் மலையில் அதற்கு மறைவான இடம் கிடையாது. எந்த வயலில் பலகையைப் போட்டாலும் எதிர் மேட்டில் நாலு பேர் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். இந்த நிலையில்தான் அடிவாரத்து மருதாசலம் துணைக்கு ஆள் தேடினார். சொந்த நிலத்தில் பாடுபடும் குடியானவர். வருஷம் ஒரு முறை சித்திரையில் வண்டி நிறையப் புளி ஏற்றிக்கொண்டு, காவிரி ஓரமாகவே போய், காவிரி கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில் புளியைக் கொடுத்துக் கருவாடு வாங்கி வருவார்.

செங்கோடன் உடனே சம்மதித்தான். அண்ணாமலையின் குடையைக் கொஞ்ச நாள் பார்க்காமல் இருக்கலாம் என்பது ஒன்று. இன்னொன்று, அவன் வயலில் வழிகிற தண்ணீர் ஐயாற்றில் விழுகிறது, ஐயாறு காவிரியில் விழுகிறது, காவிரி எங்கேயோ போகிறது. வருஷா வருஷம் இவ்வளவு தண்ணீரை அனுப்புகிறோமே, யார்தான் வாங்கிக்கொள்கிறார்கள் என்று அவனுக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம்.

பன்னிரண்டாம் நாள் வாங்கிக்கொள்கிறவரைப் பார்த்தான். கடலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கண்ணை ஓட்டினான்.

"ஏனுங்க, இதுல எங்க ஐயாத்துத் தண்ணி எதுங்க?" என்று கேட்டான் கடைசியில்.

"எல்லாந்தான் செங்கோடா. இல்லீனா எதுவுமில்ல" என்றார் மருதாசலம்.

செங்கோடன் இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்தான். அடுத்த கணம் துப்பினான். "நாங்க இனிப்பாத்தானுங்க உட்டோம். வழியில எவனோ கெடுத்துப்புட்டான்."

அன்று மாலையே வண்டியின் இடத்து மாட்டுக்குக் குளம்பில் ஆணி ஏறி, கால் பானை போல வீங்கியது. குப்பத்தில் பார்த்தவர்கள் நாற்பது நாள் ஆகும் என்றார்கள். மருதாசலம் தலையில் கை வைத்துக்கொண்டு, கருவாட்டு வியாபாரத்தைக் கவனிக்கப் போனார். செங்கோடனுக்கு மாட்டுக் காலுக்கு மருந்து கட்டுவது தவிர வேலை இல்லை.

மூன்றாம் நாள் காலையில் அதைப் பார்த்தான். முழங்கை நீளத் தாடிபோல நுரை தொங்க ஒரு அலை வந்தது. அதன் முன்னால், ஒரு பலகையின் மேல், ஒரு ஆள் நின்றுகொண்டு வந்தான். கரையில் பலகை உரசியதும் வண்டியிலிருந்து இறங்குகிறவன் போல இறங்கினான்.

செங்கோடன் மருதாசலத்திடம் ஓடினான். "ஏனுங்க, இங்க ஒருத்தன் கடலைப் பரம்படிக்கிறானுங்க! மாடே இல்லாம!"

அந்த ஆளின் பெயர் மாணிக்கம். முப்பது வயது மீனவன். அவனுடைய கட்டுமரம் தண்ணீரில் ஊறிக் கனத்துவிட்டதால் அவிழ்த்துக் கரையில் காயப்போட்டிருந்தான். அது காயும்வரை கடலுக்குப் போக முடியாது. கடலை விட்டு இருக்கவும் முடியாது. ஆகவே உடைந்த படகு ஒன்றின் பலகையை எடுத்துக்கொண்டு அலையில் விளையாடிக்கொண்டிருந்தான். ஆள் நீளப் பலகை; முன்முனை சற்றே மேல்நோக்கி வளைந்திருந்தது.

அந்தப் பலகையைக் கண்டதும் செங்கோடனுக்குக் கண் கலங்கியது. இதில் நிற்கப் பழகிவிட்டால் சாமி வயலில் நிற்கலாம். விழுந்தாலும் தண்ணீரில்தான், சேற்றில் இல்லை. பார்க்கிறவர்களோ ஊர்க்காரர்கள் இல்லை.

"பலகைய ஒருக்கா குடுங்க. நான் பத்து வயசுல இருந்து இதுமேல நிக்கிறவன்" என்றான். அதில் பாதி உண்மை. ஏறி நின்றது பத்து வயதிலிருந்துதான்.

முழங்கால் தண்ணீரில் பலகையைப் போட்டான். ஏறினான். வயலில் நிற்பதுபோலக் கால்களை அகட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து, இல்லாத கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஹேய்! ஹை! ஹை!" என்று அதட்டினான்.

அலை வந்தது. பலகை ஒரு பக்கம் போனது. செங்கோடன் ஒரு பக்கம் போனான். அவன் வேட்டி தனியாக மூன்றாவது பக்கம் போனது.

மாணிக்கம் வேட்டியை எடுத்துவந்து கொடுத்தான். "மலைக்காரரே, யாரை ஓட்டுறீங்க?"

"பழக்கமுங்க."

"கடலுக்குக் காது கேக்காது. இன்னொரு வாட்டி போங்க. எனக்கும் பொழுது போவணும்."

அன்றைக்கு இருபது தடவை. மறுநாள் முப்பது. பார்க்கிறவர்கள் ஊர்க்காரர்கள் இல்லை என்று நினைத்தது தப்புக் கணக்கு. எந்த ஊரானாலும் விழுகிறவனைப் பார்க்க வருகிறவர்கள் ஒரே ஊர்க்காரர்கள்தான். மீன் காயவைக்கும் பெண்கள் கூடையைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார்கள். வலை பின்னுகிற கிழவர்கள் வலையோடு இடம் மாறி வந்தார்கள். ஒரு பெண் தன் பக்கத்தில் இருந்தவளிடம், "புளிக்குப் பதிலா இவரையே வருசா வருசம் இறக்கிட்டுப் போகச் சொல்லுடி" என்றது செங்கோடன் காதில் விழுந்தது.

ஐந்தாம் நாள் அவனுக்குத் தோள் வலி, மூக்கில் உப்பு, முழங்காலில் சிராய்ப்பு. வருகிற ஒவ்வோர் அலைக்கும் பலகை மேல் எழுந்து நின்றான். எழுந்த வேகத்தில் விழுந்தான்.

"ஏன்யா, வர்ற அலைக்கெல்லாம் எந்திரிச்சு நிக்கிறீங்களே, அது என்ன கலெக்டரா?" என்றான் மாணிக்கம். "ஒண்ணு ரெண்டு போனா போவட்டும்னு விடுங்க. ஒக்காந்து பாருங்க, எது உம்மகிட்ட வருது, எது சும்மா சத்தம் போட்டுட்டுப் போவுதுன்னு."

செங்கோடனுக்கு ரோசம் வந்தது. மறுநாள் தண்ணீரில் கால் வைக்கவில்லை. மாடு கட்டியிருந்த பனை மரத்தடியில், மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காலை முதல் மாலை வரை கடலைப் பார்த்தான். சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவன் அப்படித்தான் பார்ப்பான். முதல் மாட்டிலேயே கயிறு போடுகிறவன் ஏமாளி.

பார்க்கப் பார்க்க மந்தை பிடிபட்டது. நாலைந்து கன்றுக்குட்டிகள் துள்ளிக்கொண்டு வரும். அவற்றால் ஒரு பயனும் இல்லை, காலை நக்கிவிட்டுப் போய்விடும். பிறகு இரண்டு மூன்று பெரிசு, ஒன்றின் பின் ஒன்றாக. அதிலும் சில தொலைவிலேயே தலையைத் தூக்கி, கொம்பை ஆட்டி, அந்த இடத்திலேயே குப்புற விழும்; அது முட்டுகிற காளை, கிட்டப் போகக்கூடாது. சில மட்டும் முதுகு அகலமாக, அவசரமில்லாமல், மூச்சுவிட்டுக்கொண்டு வரும். உழவு மாடு. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் வராது. மந்தை தண்ணீர் குடிக்கப் போயிருக்கும்.

"என்ன செங்கோடா, நாள் பூரா ஒரே எடத்துல ஒக்காந்துட்ட?" என்றார் மருதாசலம், கருவாட்டு வாசனையோடு வந்து.

"மாடு பாக்கறனுங்க."

மருதாசலம் பனை மரத்தடியில் இருந்த மாட்டைப் பார்த்தார். பிறகு செங்கோடனைப் பார்த்தார். வெயில் அதிகம் என்று முடிவு செய்துகொண்டு போய்விட்டார்.

மறுநாள் செங்கோடன் பலகையோடு மார்பளவு தண்ணீரில் காத்திருந்தான். கன்றுகளை விட்டான். முட்டுகிறதைக் கண்டால் மூழ்கிக்கொண்டான். உழவு மாடு வந்தபோது பலகையில் குப்புறப் படுத்துக் கையால் துழாவினான். அது அவனைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. அது வந்து சேர்ந்த பிறகு இவன் புறப்பட்டால் எப்படி? ஓடுகிற வண்டியில் ஏற வேண்டுமானால் வண்டி வருவதற்கு முன்னால் நாமும் ஓட ஆரம்பிக்க வேண்டும். இந்த ஞானம் வர இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள், அலை பத்தடி தள்ளி இருக்கும்போதே துழாவத் தொடங்கினான். பலகையின் பின்புறம் மெல்லத் தூக்கியது. யாரோ இடுப்பில் கை கொடுத்துத் தள்ளியதுபோல் இருந்தது. பிறகு அவன் துழாவ வேண்டியிருக்கவில்லை. கரைவரை வயிற்றில் படுத்தபடியே வந்து, மணலில் மூக்கு உரச நின்றான்.

எழுந்து உட்கார்ந்து சிரித்தான். தானாகச் சிரிப்பு வந்து நெடுநாளாகியிருந்தது. மீன் காயவைக்கும் பெண்களும் சிரித்தார்கள். இந்தத் தடவை அவர்களும் அவனும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தார்கள்.

படுத்து வருவது வேறு, நிற்பது வேறு. அடுத்த பதினைந்து நாளும் அவன் மண்டியிட்டான், எழுந்தான், விழுந்தான். விழுந்த விதம் எப்போதும் ஒன்றே: பின்பக்கமாக, கையில் கயிறு இருப்பதுபோல மூடிய விரல்களோடு. சாமி வயலில் இரண்டு வருஷம் விழுந்ததும் இப்படியேதான். ஒரு நாள் தண்ணீருக்கடியில், காலும் தலையும் இடம் மாறி இருந்த நேரத்தில், அவனுக்குச் சட்டென்று உறைத்தது. மேலே வந்ததும் கத்தினான்.

"மாடு பின்னால இருக்குதுங்க!"

கரையில் இருந்த மாணிக்கம் திரும்பிப் பார்த்தான். "மாடு பனையடியில இருக்குது."

"அதில்லீங்க! வயல்ல மாடு முன்னால இழுக்குது, நான் பின்னால சாயறேன். இங்க மாடு பின்னால இருந்து முட்டுது. நான் அது மேலயே போய்ச் சாயறேன். அது என்ன பண்ணும், பாவம்!"

"இதைக் கண்டுபிடிக்க இருபத்தஞ்சு நாளா?" என்றான் மாணிக்கம். ஆனாலும் வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். "சாயாதீங்க, பிடிக்காதீங்க. பிடிக்கிறதுக்கு அங்க ஒண்ணுமில்ல. அப்புறம் காலையே பாக்குறீங்க. கால் எங்கயும் ஓடிப்போவாது. போற எடத்தைப் பாருங்க."

போகிற இடம் என்றால் கரையில் எதைப் பார்ப்பது? செங்கோடன் பனையடியில் நின்ற மாட்டைப் பார்ப்பதென்று வைத்துக்கொண்டான்.

முப்பத்தோராம் நாள் காலை, அகலமான முதுகோடு ஒன்று வந்தது. முன்கூட்டியே துழாவினான். தூக்கியது. எழுந்தான். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால், உடம்பு பக்கவாட்டில், முழங்கால் தொளதொளவென்று. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சும்மா விட்டான். மாட்டைப் பார்த்தான். மாடும் அவனைப் பார்த்தது. பலகைக்கடியில் கடல் சரசரவென்று ஓடியது, அவன் மட்டும் அசையவில்லை. ஒரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி மடிக்கிற நேரம். அவ்வளவுதான். பலகை மணலைத் தொட்டது. இறங்கினான்.

சுற்றும் முற்றும் பார்த்தான். மாணிக்கம் காய்ந்த மரங்களைக் கட்டக் கயிறு வாங்கப் போயிருந்தான். பெண்கள் சந்தைக்குப் போயிருந்தார்கள். மருதாசலம் கருவாட்டுக் கட்டுகளுக்கு நடுவே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு நாள் விழுந்ததைப் பார்க்கக் குப்பமே இருந்தது. நின்றதைப் பார்த்தது நொண்டி மாடு ஒன்றுதான்.

மாலையில் சொன்னபோது மாணிக்கம், "சரிதான்" என்றான். அந்தச் "சரிதான்" நம்புகிறவன் சொல்கிற சரிதான் இல்லை.

மறுநாள் எல்லோரும் பார்க்க ஏறினான். ஒன்பது தடவை விழுந்தான். நேற்று வந்தது இன்றைக்கும் தானாக வரும் என்று நம்பியதால் விழுந்தான். பத்தாவது தடவை அதை நம்பாமல், மந்தையைப் பார்த்து, பொறுத்து, ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்தான். நின்றுகொண்டே வந்து மாணிக்கத்தின் காலடியில் இறங்கினான். குப்பம் ஓவென்று கத்தியது. புறப்படுகிற நாளுக்குள் மூன்றுக்கு ஒன்று நின்றான். மூன்றுக்கு மூன்று நின்றதாக அவனே சொல்கிறான். மருதாசலம் ஐந்துக்கு ஒன்று என்கிறார். நடுவில் வைத்துக்கொள்வது நியாயம்.

மாட்டின் கால் ஆறியது. புறப்படும்போது மாணிக்கம் அந்தப் பலகையைத் தூக்கி வண்டியில் போட்டான். "என் மரம் காஞ்சிடுச்சு. இது எனக்கு இனிமே வேணாம். கொண்டு போங்க."

"சும்மா வாங்கிக்க மாட்டனுங்க" என்றான் செங்கோடன். "எங்கூட்டுப் பலாப்பழம் ஒண்ணு உங்களுக்கு அனுப்பறேன். கொல்லிமலைப் பழம். பழுத்தா பக்கத்து ஊருக்கு மணக்கும்."

"பழமா? இங்க மீனைத் தவிர எதுவும் மணக்காது. அனுப்புங்க, பார்ப்போம்."

பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு செங்கோடன் மலையேறினான். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம், "கடல்மேல நின்ன பலகை" என்று சொன்னான். மேலே போகப் போக மூச்சு வாங்கியதால் பேச்சைச் சுருக்கினான். மலையுச்சியில் வெறும் "கடல்மேல" என்றுதான் சொல்ல முடிந்தது. மிச்சத்தைக் கேட்டவர்கள் பூர்த்தி செய்துகொண்டார்கள்.

ஆடி வந்தது. சாமி வயல் சேறாகித் தயாராக இருந்தது. வரப்பைச் சுற்றி ஊரே நின்றது. ஊர்க்கவுண்டர் காளியண்ணன் சாமி கும்பிட்டுக் கயிற்றை எடுத்துச் செங்கோடனிடம் கொடுத்தார். அண்ணாமலை எதிர் வரப்பில், குடையும் கையுமாக, துவைத்த வேட்டியில் நின்றார். தங்கை புருஷன் விழுந்ததும் இறங்கிவிடலாம் என்று வேட்டியை முன்கூட்டியே மடித்துக் கட்டியிருந்தார்.

செங்கோடன் பரம்புப் பலகையில் ஏறினான். ஏறியதும் பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை முன்னால் வைத்து, முழங்காலைத் தளர்த்தி நின்றான். கயிற்றை இரண்டு விரலால் பிடித்தான். ஊர் சிரித்தது.

"ஏ செங்கோடா, மாடு அந்தப் பக்கம்!" என்று யாரோ கத்தினார்கள்.

"தெரியுமுங்க" என்றான் செங்கோடன். கண் எதிர்க் கரையில் இருந்த பலா மரத்தில் இருந்தது.

மாடுகள் நகர்ந்தன. முதல் சுற்றுப் பாதி முடிந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணாமலை குடையை விரித்தார். தூறல் விழுந்தது, அதனால்தான் விரித்தேன் என்று இன்றுவரை சொல்கிறார். அன்று தூறியதாக வேறு யாருக்கும் ஞாபகம் இல்லை. கறுப்பாய் ஏதோ படாரென்று விரிந்ததைக் கண்டு மாடுகள் மிரண்டன. நாலு கால் பாய்ச்சல். பலகை சேற்றைக் கிழித்துக்கொண்டு பறந்தது. கண்ணாயி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பழைய செங்கோடனாயிருந்தால் கயிற்றைப் பிடித்துத் தொங்கி, பின்னால் சாய்ந்து, காலைப் பார்த்திருப்பான். இப்போது பிடிப்பதற்கு ஒன்றுமில்லை என்று அவன் உடம்புக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வருஷம் அவனைக் கவிழ்த்த மண்மேடு வந்தது. பலகை எகிறியது. முழங்கால் மடங்கியது, நிமிர்ந்தது. மாடுகள் வரப்போரம் திரும்பியபோது அவனும் அந்தப் பக்கமாகச் சாய்ந்து திரும்பினான். சேறு இரண்டு பக்கமும் சிறகு மாதிரி எழுந்தது. அது அண்ணாமலையின் துவைத்த வேட்டி வரை போயிற்று. குடை மேல்பக்கத்தை மட்டும் காப்பாற்றியது.

மூன்று சுற்று ஓடி மாடுகளுக்கு மூச்சு வாங்கியது. பலகை வரப்பில் முட்டி நின்றது. செங்கோடன் இறங்கினான். இறங்கிய கையோடு, பழக்கதோஷத்தில், அடுத்த அலை வருகிறதா என்று திரும்பிப் பார்த்தான்.

வந்தது அண்ணாமலை.

"இது செல்லாது!" என்றார், முகத்துச் சேற்றைத் துடைத்தபடி. "பரம்புல நேரா நிக்கோணும். இவன் சந்தையில வேடிக்கை பாக்கறவனாட்டப் பக்கவாட்டுல நின்னான். எங்கப்பன் காலத்துல இப்படி ஒருத்தன் நின்னதில்லை."

எல்லோரும் காளியண்ணனைப் பார்த்தார்கள். அவர் வயலைப் பார்த்தார். வயல் வெண்ணெய் தடவினாற்போல மட்டமாக இருந்தது.

"அண்ணாமலை, நம்மகிட்ட விழுகறதுக்கு விதி இருக்குது" என்றார் காளியண்ணன். "நிக்கறதுக்கு விதியே இல்லீப்பா. இதுவரைக்கும் தேவைப்படல."

கயிறு செங்கோடன் வீட்டிலேயே தங்கியது. அன்றிரவு கண்ணாயி கருவாட்டுக் குழம்பு வைத்தாள். "எங்கண்ணன் வேட்டி பாவமுங்க" என்றாள். சொல்லிவிட்டு இன்னும் இரண்டு துண்டு அள்ளிப் புருஷன் தட்டில் போட்டாள்.

ஆக, வதந்தியின் தீர்ப்பு இது: செங்கோடன் கடல் மேல் நடக்கவில்லை. அவன் நின்றான். நடந்தது கடல்.

மாணிக்கம் கொடுத்த பலகையில் இப்போது கண்ணாயி மிளகு காயப்போடுகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் செங்கோடனுக்குப் பலாப்பழம் நினைவுக்கு வந்துவிடும். கடன் கடன்தான். மறுவருஷம் மருதாசலத்தின் வண்டியில் நல்ல காயாகப் பார்த்து ஒன்று ஏற்றினான். வண்டி முசிறி தாண்டியதும் அது பழுத்து, வண்டியைச் சுற்றி ஈ மொய்த்தது. இன்னும் தூரம் கொண்டுபோனால் அழுகிவிடும் என்று, வேறு வழியில்லாமல், மிகுந்த மனவருத்தத்தோடு மருதாசலம் அதைத் தின்றார். அதற்கடுத்த வருஷம் இன்னும் பிஞ்சாகப் பார்த்துக் கொடுத்தான். அது திருச்சி வரை பொறுத்தது. மருதாசலத்தால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. திரும்பி வரும்போது மாணிக்கம் சொல்லியனுப்பியதை மட்டும் நாணயமாகக் கொண்டுவந்து சேர்த்தார்: "மலைக்காரரோட பழம் நடந்து வருதா, தவழ்ந்து வருதான்னு கேட்டதாச் சொல்லுங்க."

மூன்றாம் வருஷம் செங்கோடன் வண்டியை நம்பவில்லை. ஆடிப் பெருக்கன்று ஒரு பலாக்காயின் மேல் சுண்ணாம்பால் ஒரு பலகையின் படம் போட்டான். எழுதத் தெரியாது, படம் தெரிந்தால் மாணிக்கத்துக்குப் புரியும். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு அருவிக்குக் கீழே இறங்கி, ஐயாற்றில் விட்டான்.

"தண்ணி போற எடத்துக்குப் பழம் போவாதா?" என்றான் கண்ணாயியிடம். "ஐயாறு, காவேரி, கடல். கன்னுக்குட்டி அலை வந்தா விட்டுடும். உழவு மாடு வந்தா ஏறிக்கும்."

"அதுக்கும் நீந்தச் சொல்லிக் குடுத்தீங்களா?" என்றாள் கண்ணாயி.

பெருக்கு கழிந்த சில நாளில் மருதாசலம் வேறு வேலையாகத் திருச்சி வரை காவிரி ஓரமாக வண்டி ஓட்டிப் போனபோது, திருச்சிக்கு மேற்கே ஒரு படித்துறையில் சலவைக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து, ஆற்றோடு வந்த ஒரு பலாப்பழத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். தோலில் மங்கலாகச் சுண்ணாம்புக் கோடு இருந்தது. வண்டிக்காரரையும் மரியாதையாகக் கூப்பிட்டார்கள். அவர் நாலே நாலு சுளை சாப்பிட்டார்.

திரும்பி வந்ததும் செங்கோடன் ஆவலாகக் கேட்டான். "பழத்தக் கண்டீங்களா?"

மருதாசலம் பொய் சொல்லாதவர். "கண்டனே. திருச்சிக்குக் கிட்டப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

செங்கோடன் விரல் விட்டு எண்ணினான். திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம். இன்னும் எட்டு நாளில் சேர்ந்துவிட வேண்டும். அந்த எட்டு நாள் கழிந்து வருஷம் இரண்டு ஆகிறது. மாணிக்கத்திடமிருந்து தகவல் இல்லை. கடலில் என்ன பழம் போட்டாலும் உப்பாகிவிடுகிறதே, அதனால் அவனுக்கு அடையாளம் தெரியவில்லையோ என்று செங்கோடன் யோசிக்கிறான். இந்த ஆடிக்குக் கொஞ்சம் பெரிசாக ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான்.